லிவர்பூலுக்கு அருகே ஒரு மலாயாக் கல்லூரி

மலேசியாவின் சுதந்திரத் திகதி முதன்முதலில் எங்கே அறிவிக்கப்பட்டது என்று கேட்டால், அந்நாட்டு வரலாற்றை ஓரளவு அறிந்தவர்கள் மலாக்கா என்று பதில் சொல்வார்கள். லண்டன் பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்டு நாடு திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், 1956 பெப்ரவரி 20ஆந் திகதி மலாக்காவில் திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் 1957 ஓகஸ்ட் 31 என்ற திகதியைச் சொன்னார் என்பது உண்மையே. ஆனால் அதற்குப் பதின்மூன்று நாட்கள் முன்னதாக, பெப்ரவரி 7ஆந் திகதி, அதே செய்தியை அவர் வேறோர் இடத்தில் வேறொரு கூட்டத்துக்குச் சொல்லிவிட்டார். அந்த இடம் மலாயாவில் இல்லை. இங்கிலாந்தின் வடமேற்கில், லிவர்பூல் நகருக்குச் சில மைல்களுக்கு அப்பால் உள்ள கேர்பி என்ற ஊரில் இருந்தது. கேட்டவர்கள் அங்கே ஆங்கிலமொழிப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களாவதற்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மலாயா இளைஞர்களும் யுவதிகளும் ஆவர்.

குடியேற்ற நாடொன்றின் விடுதலை நாள், அந்நாட்டை ஆண்டவர்களின் மண்ணில், அந்த ஆட்சியாளர்களின் மொழியைக் கற்பிப்பதற்காக அனுப்பப்பட்ட மாணவர்களிடம் முதலில் சொல்லப்பட்டது. சரித்திரம் சில வேளைகளில் இப்படித்தான் குறும்பு செய்கிறது. பத்திரிகைத் துறையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்த எனக்கு இந்தச் செய்தி நெடுநாள் தெரியாமல் இருந்தது. எங்கள் பத்திரிகைகள் மலாயாவைப் பற்றி எழுதியதெல்லாம் பென்சனியர்களைப் பற்றியும் மணியோடர்களைப் பற்றியும்தான். யாழ்ப்பாணத்தில் மலாயா என்றால் ஓய்வூதியம் என்று பொருள்பட்ட ஒரு காலம் இருந்தது.

கேர்பிக் கல்லூரியைப் பற்றி நான் முதன்முறையாகக் கேள்விப்பட்டது 1990களில், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டில். மலாயாவில் பிறந்தவர். தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். வாயைத் திறந்தால் மானிப்பாய்த் தமிழ். ஆங்கிலம் பேசினால் வானொலிச் செய்தி வாசிப்பவர் போலிருக்கும். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "கேர்பியிலை" என்றார். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பெயரின் நடுவில் ஒரு 'கே' எழுத்து உண்டு, அது உச்சரிப்பில் இல்லை. "அந்தப் பெயரைச் சரியாய்ச் சொல்லப் பழகினதுதான் தம்பி எங்களுக்கு முதற் பாடம்" என்று சிரித்தார். அன்றிலிருந்து இந்தக் கல்லூரியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். நம்மவர்கள் அறிய வேண்டிய வரலாறு இது என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மலாயாவின் கல்வி நிலை மிகவும் சீர்கெட்டிருந்தது. 1942 பெப்ரவரி முதல் 1945 ஓகஸ்ட் வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் ஆங்கிலப் பாடசாலைகள் இயங்கவில்லை. மூன்றரை ஆண்டு படிப்பை இழந்த பிள்ளைகள், போருக்குப் பின் மீசை முளைத்த வயதில் கீழ் வகுப்புகளில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புதிய தலைமுறையொன்று பாடசாலை வாசலில் காத்து நின்றது. 1948 ஜூனில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான போர் காடுகளில் நடந்தபோது, அப்போரை வகுப்பறைகளிலும் வெல்ல வேண்டும் என்று பிரித்தானியர் கருதினர். 1951 ஒக்டோபரில் உயர் ஆணையாளர் சேர் ஹென்றி கேர்னி பதுங்கித் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, எல்லா இனப் பிள்ளைகளும் மலாயும் ஆங்கிலமும் கற்கும் தேசியப் பாடசாலைகளை அமைக்க வேண்டும் என்று விதந்துரைத்தது. சீனர்களும் இந்தியர்களும் தங்கள் மொழிப் பாடசாலைகள் அழிந்துவிடும் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் 1952இல் கல்விச் சட்டம் வந்தது. அறிக்கைகளும் சட்டங்களும் எதைச் சொன்னாலும், வகுப்பறையில் நிற்க ஆசிரியர் வேண்டுமல்லவா? அவர்கள்தாம் இல்லை.

மலாய்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி இருந்தது. பெண்களுக்கு மலாக்காவில் ஒரு கல்லூரி இருந்தது. ஆனால் ஆங்கிலப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு முழுநேர வதிவிடப் பயிற்சிக் கல்லூரி எதுவும் மலாயாக் கூட்டரசில் இருக்கவில்லை. பட்டதாரிகள் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியிலிருந்து வந்தார்கள். மற்றவர்கள் பகலில் படிப்பித்துக்கொண்டே, ஓய்வு நேரங்களில் 'நோர்மல் வகுப்பு' எனப்பட்ட பயிற்சி வகுப்புகளுக்குச் சென்று தேர்ச்சி பெற்றார்கள். போருக்கு முன் இந்தக் குறையை ஓரளவு நிரப்பியவர்கள் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற ஆசிரியர்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனும் வெஸ்லியன் மிஷனும் அங்கிலிக்கன் மிஷனும் நடத்திய கல்லூரிகளில் படித்து வெளியேறியவர்களை மலாயாவின் மிஷன் பாடசாலைகள் வரவேற்றன. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியின் பலனைக் கடல் கடந்த நாடொன்று ஒரு நூற்றாண்டு கழித்து அனுபவித்தது என்று சொன்னால் அது மிகையாகாது. போருக்குப் பின்னர் அந்த ஊற்றும் வற்றியது. குடிவரவு விதிகள் இறுகின. இலங்கையிலேயே ஆசிரியர்களின் தேவை பெருகிவிட்டது.

இந்த நிலையில் பிறந்ததே கேர்பித் திட்டம். மலாயாவில் புதிதாகக் கல்லூரி கட்டுவதற்குக் காலமும் பணமும் வேண்டும். அவசரகாலத்தில் இரண்டும் அருமையாயிருந்தன. பயிற்றுநர்களை இங்கிலாந்திலிருந்து அழைத்து வருவதைவிட மாணவர்களை அங்கே அனுப்புவது எளிது என்று கணக்கிட்டார்கள். கட்டடமும் ஆயத்தமாக இருந்தது. போர்க்காலத்தில் கேர்பியில் ஒரு பெரும் அரச படைக்கலத் தொழிற்சாலை இயங்கியது. குண்டுகளிலும் எறிகணைகளிலும் வெடிமருந்து நிரப்பும் வேலை அங்கே நடந்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தங்குவதற்காகக் கட்டப்பட்ட விடுதிதான் 1952 ஜனவரியில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாயிற்று. வெடிகுண்டு செய்த பெண்கள் உறங்கிய அறைகளில், பாலர் வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதும் மாணவர்கள் வந்து குடியேறினார்கள்.

முதல் அணியில் சுமார் 150 பேர். மலாயர், சீனர், இந்தியர், இலங்கையர், யுரேஷியர் என எல்லா இனத்தவரும் இருந்தார்கள். பலருக்கு அப்போதுதான் கேம்பிரிட்ஜ் சீனியர் சான்றிதழ் கிடைத்திருந்தது. வயது பதினெட்டும் பத்தொன்பதும் இருபதும். பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. அக்காலத்தில் சிங்கப்பூரிலிருந்து இங்கிலாந்து செல்லும் கப்பல்கள் பினாங்கைத் தொட்டு, கொழும்பில் தரித்து, ஏடன் வழியாகச் சூயஸ் கால்வாயைக் கடந்து செல்வது வழமை. மூன்று வாரங்களுக்கு மேற்பட்ட பயணம். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியை கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, கோட்டையில் சில மணி நேரம் உலாவிவிட்டுக் கப்பலேறியதாகச் சொன்னார். தகப்பன் பிறந்த நாட்டை அவர் முதலில் பார்த்தது அந்தச் சில மணி நேரம்தான். 1956 நவம்பரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அரசியல்வாதிகளுக்கு நெருக்கடி, இளம் வயதினருக்கோ ஆபிரிக்காவையும் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு.

அவர்கள் சென்று இறங்கிய இங்கிலாந்து, பாடப் புத்தகத்தில் படித்த இங்கிலாந்து அல்ல. போர் முடிந்து ஏழு வருடம் ஆகியும் உணவுப் பங்கீடு நீங்கவில்லை. இறைச்சிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன். 1954 ஜூலையில்தான் கடைசிப் பங்கீடு நீக்கப்பட்டது. உலகத்தையே ஆண்ட நாட்டில் கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரரைக் கண்டபோது, மலாயாவில் தோட்டத் துரைமாரையும் மாவட்ட அதிகாரிகளையும் மட்டுமே கண்டு பழகியவர்களுக்கு ஏதோ ஒன்று உடைந்திருக்க வேண்டும். ஆசிரியை அதை அழகாகச் சொன்னார். "எங்கட அறையைக் கூட்டித் துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை வந்தா, தம்பி. முதல் நாள் நான் எழும்பி நிண்டிட்டன். அவவுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை."

இதைவிடச் சிறந்த அரசியற் கல்வியை எந்தக் கல்லூரியும் அளித்திருக்க முடியாது. ஏகாதிபத்தியம் தன் செலவில் தன் மாயையைக் கலைத்துக்கொண்டது. லண்டனில் சட்டம் படித்த மேட்டுக்குடிப் பிள்ளைகள் இதைப் பல தசாப்தங்களுக்கு முன்பே கண்டவர்கள்தாம். கேர்பியின் வேறுபாடு, சென்றவர்களின் வகுப்பு. தபாற்கந்தோர் எழுதுவினைஞரின் மகனும், கிராமத்து மலாய் ஆசிரியரின் மகளும், ஈப்போ கடைக்காரரின் பிள்ளையும் அரச செலவில் சென்றார்கள். ஓரிருவராக அல்ல, நூற்றுக்கணக்கில் சென்றார்கள்.

அவர்கள் சென்றடைந்து ஒரு மாதத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இறந்தார். மறு ஆண்டு ஜூனில் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழா. கேர்பி என்ற ஊரே அவர்கள் கண் முன்னால் உருமாறிக்கொண்டிருந்தது. 1951இல் மூவாயிரம் பேர் அளவில் வாழ்ந்த அந்த இடத்தில், லிவர்பூலின் சேரிகளையும் குண்டுவீச்சில் இடிந்த பகுதிகளையும் விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கென மாநகரசபை வீடுகளைக் கட்டித் தள்ளியது. 1961இல் குடித்தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே மலாயா மாணவர்கள் மட்டுமல்ல, அயலவர்களும் அந்த ஊருக்குப் புதியவர்களே. பயிற்சிக் கற்பித்தலுக்காக மாணவர்கள் அப்பகுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்த மலாயாவின் பத்தொன்பது வயது யுவதி நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். விரிவுரை மண்டபத்தில் அவள் கற்றது தென் இங்கிலாந்தின் கல்விமான்கள் பேசும் உச்சரிப்பு. டானியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி அதற்கு வேதம் போன்றது. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் பேசியதோ ஐரிஷ் வாடை வீசும் லிவர்பூல் கொச்சை. "பிள்ளையள் கதைக்கிறது எனக்கு விளங்கேல்லை, நான் கதைக்கிறது மகாராணி கதைக்கிற மாதிரி எண்டு பிள்ளையள் சிரிக்குதுகள்" என்றார் ஆசிரியை.

அக்காலத்து ஆங்கிலக் கற்பித்தல் முறை பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆங்கிலத்தை அந்நியருக்குக் கற்பிப்பது ஒரு தனித்துறையாக வளர்ந்தது இங்கிலாந்தில் அல்ல, ஆசிய நாடுகளில்தான். ஹரோல்ட் பாமர் 1922இல் தோக்கியோவுக்குச் சென்று ஆய்வு செய்தார். மைக்கல் வெஸ்ட் வங்காளத்தின் டாக்காவில் பணியாற்றி, சொற்களைக் குறைத்துப் படிப்படியாக வாசிப்பைக் கற்பிக்கும் புதிய முறை வாசிப்பு நூல்களை ஆக்கினார். ஹோர்ன்பியின் புகழ்பெற்ற அகராதியும் ஜப்பானிலேயே உருவாயிற்று. எங்கள் பிள்ளைகளின் வகுப்பறைகளில் விளைந்த அறிவு லண்டனுக்குப் போய், அங்கே பேராசிரியர்களின் வாயிலாகத் திரும்ப எங்களுக்கே பயிற்சியாக வந்தது. பருத்தி போய்த் துணியாக வந்த கதைதான். ஆயினும் கேர்பி மாணவர்கள் மொழியை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர்களாகப் பயிற்றப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணிதம், சரித்திரம், பூமிசாஸ்திரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்பிப்பதே அவர்களின் பணி. ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாடமன்று, தொழிலின் கருவி. பின்னால் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

ஒரு கல்லூரி போதவில்லை. 1955இல் வுல்வர்ஹம்டன் நகருக்கு அருகில் பிரின்ஸ்ஃபோர்ட் லொட்ஜ் என்ற இன்னொரு போர்க்கால விடுதியும் மலாயா ஆசிரியர் கல்லூரியாக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் துங்குவின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்று ஆட்சியில் அமர்ந்தது. இனி நடந்தவை விரைவானவை. 1956 ஜனவரியில் சுதந்திரப் பேச்சுவார்த்தைக் குழு லண்டன் சென்றது. பேச்சு வெற்றியடையும் தறுவாயில், ஒப்பந்தம் பெப்ரவரி 8ஆந் திகதி கைச்சாத்தாவதற்கு முதல் நாள், துங்கு கேர்பிக்குச் சென்றார். மண்டபத்தில் 'மெர்டேக்கா' முழக்கம் எழுந்தது. மலாய்ச் சொல். அதைச் சீன மாணவனும் தமிழ் மாணவியும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

அம்மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது எத்தகைய உணர்வைத் தந்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. கோலாலம்பூரில் மலாய்ப் பிள்ளை மலாய்ப் பாடசாலைக்கும், சீனப் பிள்ளை சீனப் பாடசாலைக்கும், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும் சென்றன. ஒரே அறையில் உறங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒரே குளிரில் நடுங்கி, 'மலாயாக்காரர்' என்று பிறரால் அழைக்கப்பட்ட அனுபவம் சொந்த நாட்டில் வாய்க்காமல் கேர்பியில் வாய்த்தது. பிற்காலத்தில் கேர்பியர்கள் தமக்குள் ஒரு குலத்தவரைப்போல் பழகியதற்கும், முதுமையிலும் ஒன்றுகூடல்களை விடாமல் நடத்தியதற்கும் இதுவே காரணம்.

அதே 1956 ஜூனில் எங்கள் நாட்டில் என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. காலிமுகத்திடலில் தமிழ்த் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருக்க, பாராளுமன்றத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. ஒரே ஆண்டில் ஒரு குடியேற்ற நாட்டின் பல்லின இளைஞர்கள் ஒரே சொல்லை முழங்க, எட்டு வருடம் முன்னரே சுதந்திரம் பெற்ற இன்னொரு நாட்டில் ஒரு சட்டம் இனங்களை இருகூறாக்கிற்று.

ஆனால் இந்த ஒப்பீட்டை நான் எல்லை மீறிக் கொண்டு செல்ல விரும்பவில்லை. கேர்பியைப் பற்றிப் பேசும் பலர் அதனை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பார்கள். அங்கே சென்ற இந்தியர், இலங்கையர் யாவர் என்று கேட்டுப் பார்த்தால் அப்பொன்னில் கொஞ்சம் பித்தளையும் தெரியும். மலாயாத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தொழிலாளர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக்கோவை, பாடசாலை வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பாடசாலை நடத்த வேண்டும் என்றது. நடத்தினார்கள், ஒரு கொட்டிலில். கங்காணியோ கிளாக்கரோ எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியர். அங்கே தமிழில் ஆறு வகுப்புப் படித்த பிள்ளைக்கு மேற்கொண்டு வழியில்லை. ஆங்கிலப் பாடசாலை பட்டணத்தில், அதற்கும் சம்பளம் கட்ட வேண்டும். கேம்பிரிட்ஜ் சான்றிதழ் இல்லாதவன் கேர்பிக் கப்பலை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே கேர்பி சென்ற தமிழர் பெரும்பாலும் புகையிரத, பொதுவேலை, தபால், வைத்தியப் பகுதிகளில் வேலை பார்த்தோரின் பிள்ளைகள். மலாயாத் தமிழரிடையே மிகச் சிறு தொகையினரான யாழ்ப்பாணத்தார் அங்கே தம் விகிதத்துக்கு மேல் இடம்பெற்றதில் வியப்பில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நம்மவர்களைக் கண்டிருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றபோது உள்ளே கிடைத்த இடத்தைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு லிவர்பூல் வேண்டாம், ஈப்போவில் ஆறு மாதப் பயிற்சி கொடுத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் தலைவிதி மாறியிருக்கும்.

கேர்பிக் கல்லூரி 1962இல் மூடப்பட்டது. பிரின்ஸ்ஃபோர்ட் லொட்ஜும் அதற்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கேர்பியில் மட்டும் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்றப்பட்டிருந்தார்கள். சுதந்திர மலாயா 1957இல் பினாங்கில் தன் சொந்த ஆசிரியர் கல்லூரியைத் தொடங்கியிருந்தது. அமைச்சர் அப்துல் ரசாக்கின் 1956ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாடெங்கும் பகல்நேரப் பயிற்சி நிலையங்களும் வந்துவிட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேர்பி மூடப்பட்ட அதே 1962இல், அமெரிக்க அமைதிப் படையின் இளைஞர்கள் மலாயாவுக்கு வந்து பாடசாலைகளில் படிப்பிக்கத் தொடங்கினார்கள். மாணவர்களை அனுப்பும் கப்பல் நின்றது, ஆசிரியர்களைக் கொண்டுவரும் விமானம் இறங்கியது. இன்னொன்று: லிவர்பூல் அருகே புதிய குடியிருப்பு ஊரொன்றில் பொலிசார் படும் பாட்டைக் காட்டும் பிரபல தொலைக்காட்சித் தொடர் ஒன்றை பிபிசி அதே ஜனவரியில் ஒளிபரப்பத் தொடங்கியது. கேர்பியை முன்மாதிரியாகக் கொண்டதே அந்தத் தொடர். மலாயாக்காரர்கள் பட்டுச் சட்டையோடும் சேலையோடும் நடந்த தெருக்களை இங்கிலாந்து அறிந்துகொண்டது குற்றக் கதைகளின் ஊராகத்தான்.

திரும்பி வந்த ஆசிரியர்களின் பொற்காலம் 1960கள். தமிழ், சீன ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து ஆங்கில இடைநிலைப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளை ஒரு வருடம் 'புகுமுக வகுப்பில்' வைத்து ஆங்கிலம் ஏற்றும் பணியில் பலர் ஈடுபட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு மூடியிருந்த கதவு சற்றே திறந்தது அந்த வகுப்பினால்தான். கேர்பியின் உண்மையான பயன் லிவர்பூலில் கண்டதல்ல, புகுமுக வகுப்பில் விளைந்ததே என்பது என் துணிபு.

பின்னர் 1969 மே 13. கோலாலம்பூர் கலவரத்தின் சாம்பல் ஆறு முன்னரே, ஜூலையில், கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் யாக்கூப் அறிவித்தார்: 1970 ஜனவரி முதல் ஆங்கிலப் பாடசாலைகளின் முதலாம் வகுப்பு மலாய் மொழியில் நடக்கும், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறும். 1980களின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவில் ஆங்கிலமொழிப் பாடசாலை என்ற ஒன்றே இல்லாது போயிற்று. ஆங்கிலத்தைக் கருவியாகக் கொண்டு பயின்றவர்களின் கையிலிருந்து கருவி பறிக்கப்பட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வகுப்பு மொழி மாறியது. கீழே இருந்து நீர் ஏறுவதைப் பார்த்தபடி மாடியில் நிற்பவரின் நிலை அவர்களுக்கு. "நாங்கள் படிச்சது இங்கிலீசிலை படிப்பிக்க. கடைசிப் பத்து வருசம் மலாயிலை கணக்குப் படிப்பிச்சனான்" என்றார் ஆசிரியை. கசப்பாகச் சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மலாய்ப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்ததைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது பெருமிதம். சிலர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றார்கள். பலர் நின்று, மொழி மாறி, அதே பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள்.

இலங்கையிலும் மொழி மாற்றம் வகுப்பு வகுப்பாகவே நடந்தது. 1945இல் இலவசக் கல்வியோடு தொடங்கி, 1950களில் இடைநிலை வகுப்புகளுக்கு ஏறி, 1960இல் பல்கலைக்கழகக் கலைப் பிரிவை எட்டியது. தாய்மொழிக் கல்வியை நான் குறை கூறமாட்டேன். நானே தமிழில் படித்து, தமிழால் பிழைத்தவன். ஆனால் இங்கே மாற்றம் இரண்டு வாய்க்கால்களில் ஓடிற்று. ஒரே பாடசாலையில் படித்த சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் வெவ்வேறு அறைகளுக்குப் போயினர். இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டிய ஆங்கிலத்தைக் கற்பிக்கப் போதிய ஆசிரியர்கள் இல்லை. மகரகமையில் பயிற்றப்பட்டவர்கள் நாட்டின் தேவையில் ஒரு சிறு பகுதிக்கே போதுமாயிருந்தது. பயிற்றப்பட்டவர்களிலும் பலர் 1970களிலும் 1980களிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் ஆசிரியர்களாகப் புறப்பட்டுப் போனார்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் ஆங்கிலப் பாடவேளை பல பாடசாலைகளில் விளையாட்டுப் பாடவேளையாக இருந்ததை நான் செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களில் நேரிற் கண்டிருக்கிறேன்.

மலேசியாவும் பின்னர் தடுமாறியது. 2003இல் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பிரித்தானிய, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுத்திட்டம் செய்து ஆங்கில ஆசிரியர் மாணவர்களை மறுபடியும் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். கேர்பியில் படித்தவர்களில் உயிரோடிருந்தோர் அப்போது ஓய்வுபெற்றுப் பல வருடம். சிலரை மீள அழைத்துப் படிப்பிக்கக் கேட்கலாம் என்ற பேச்சும் அங்கே பத்திரிகைகளில் அடிபட்டதுண்டு. ஆசிரியையிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "பென்சன் எடுத்த பிறகு எந்த மொழியிலையும் படிப்பிக்க ஏலாது தம்பி" என்றார். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் பின்னேரங்களில் வந்து அவரிடம் ஆங்கிலம் படித்துப் போனார்கள் என்பதை அவரின் மகள் எனக்குப் பிறகு சொன்னார். ஒரு மலாய்ப் பிள்ளை, ஒரு சீனப் பிள்ளை, இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். சம்பளம் வாங்கவில்லையாம்.